எரிவாயு விலை இறங்கியும் பில் ஏறுவது ஏன்? அமெரிக்கக் கட்டண வழக்கு பற்றி ஓர் எளிய விளக்கம்

என் சித்தி மகன் அமெரிக்காவின் நடுமேற்குப் பக்கம் ஒரு ஊரில் இருக்கிறான், போய் இரண்டு வருடம் ஆகிறது. போன குளிர்காலத்தில் ஒரு நாள் ராத்திரி வீட்டு எரிவாயு பில்லைப் படம் எடுத்து அனுப்பி, "அண்ணா, கேஸ் விலை இறங்கிடுச்சுன்னு செய்தியில சொல்றாங்க, எனக்கு மட்டும் ஏன் ஏறியிருக்கு?" என்று கேட்டான். முந்தைய வருட ஜனவரி பில்லையும் தேடி எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டு மாதமும் செலவழித்தது கிட்டத்தட்ட அதே 120 தெர்ம். எரிவாயுவுக்கு முந்தைய வருடம் 60 டாலர், இந்த வருடம் 54. வரி 19 டாலர் 21 ஆகியிருந்தது. நடுவில் 'டெலிவரி' என்று ஒரு வரி இருக்கிறதே, அதுதான் 70-லிருந்து 95-க்குப் போயிருந்தது. மொத்தம் 149 கட்டியவன் 170 கட்ட வேண்டும்.

அவன் கேள்விக்கான விடை அந்த நடு வரியில்தான் இருக்கிறது. அந்த வரியை ஏற்ற வேண்டுமென்றால் கம்பெனி மாநில அரசின் ஆணையத்திடம் மனு போட்டு, மாதக்கணக்கில் வாதாடி, அனுமதி வாங்க வேண்டும். இதை அங்கே 'ரேட் கேஸ்' என்பார்கள். இந்தக் கேஸ் வழக்கு, அடுப்பில் எரியும் கேஸ் இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே எழுத்தில் வந்து குழப்புவதால் இனிமேல் ஒன்றை எரிவாயு என்றும் இன்னொன்றைக் கட்டண வழக்கு என்றும் எழுதுகிறேன்.

முதலில் பில்லை ஒழுங்காகப் பிரித்துவிடுவோம். தெர்ம் என்பது வெப்பத்தின் அளவு. ஒரு தெர்ம் என்றால் 1,00,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஒரு சின்ன அலகு), அதாவது ஏறக்குறைய 100 கன அடி எரிவாயுவை எரித்தால் வரும் சூடு. சிகாகோ மாதிரி ஊரில் வெளியே மைனஸ் பதினைந்து டிகிரி இருக்கும்போது வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஃபர்னஸ், அதாவது வீட்டைச் சூடாக்கும் எரிவாயு உலை, ராத்திரி பகலாக ஓடும். மாதம் 100 தெர்ம் தாண்டுவது சாதாரணம். சமையலுக்கு ஆவது அதில் சொற்பம்தான்.

பில்லில் முதலில் வருவது எரிவாயுவின் விலை. உங்கள் வீட்டுக்கு எரிவாயு கொண்டுவரும் கம்பெனி அதைத் தோண்டி எடுப்பதில்லை. சந்தையில் வாங்குகிறது. லூசியானாவில் ஹென்றி ஹப் என்று ஒரு குழாய்ச் சந்திப்பு இருக்கிறது, அங்கே நடக்கும் விலைதான் நாடு முழுக்கப் பேசப்படும் விலை. 2022-ல் அது பத்து லட்சம் பி.டி.யு.வுக்குச் சராசரியாக 6 டாலருக்கு மேல் போனது, அடுத்த வருடமே இரண்டரை டாலர் அளவுக்கு இறங்கியது. கம்பெனி என்ன விலைக்கு வாங்கியதோ அதே விலையைத்தான் உங்களிடம் வாங்க வேண்டும், மேலே ஒரு காசு லாபம் வைக்கக் கூடாது. பெரும்பாலான மாநிலங்களில் இதுதான் விதி. அதனால் இந்த வரி மாதா மாதம் ஏறும், இறங்கும், இதற்காகத் தனியாகக் கட்டண வழக்கு நடக்காது.

கண்காணிப்பே இல்லை என்று அர்த்தம் இல்லை. வாங்கிய விதம் விவேகமானதா என்று ஆணையம் பின்னால் கணக்குப் பார்க்கும், தப்பு இருந்தால் திருப்பித் தரச் சொல்லும். சிகாகோவின் பீப்பிள்ஸ் கேஸ் கம்பெனி 2000-களின் தொடக்கத்தில் எரிவாயு வாங்கிய விதம் பற்றிப் பெரிய தகராறு வந்து, 2006-ல் வாடிக்கையாளர்களுக்குச் சுமார் 10 கோடி டாலர் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டது.

சரி, வாங்கின விலைக்கே விற்றால் கம்பெனிக்கு லாபம் எங்கிருந்து வருகிறது? குழாயிலிருந்து. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும், அதனால் இதை நிதானமாகவே சொல்கிறேன். தெருவுக்கு அடியில் ஓடும் குழாய், வீட்டுக்குப் பிரியும் சின்னக் குழாய், சுவரில் இருக்கும் மீட்டர், அழுத்தம் குறைக்கும் நிலையம், பழுது பார்க்கும் வண்டி, அலுவலகக் கட்டடம், இதிலெல்லாம் கம்பெனி பணம் போட்டிருக்கிறது. போட்ட பணத்துக்கு ஒரு நியாயமான வருமானம் எடுத்துக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. நம் பில்லில் 'டெலிவரி' என்றும், மாதா மாதம் மாறாமல் வரும் 'வாடிக்கையாளர் கட்டணம்' என்றும் இருப்பது இதற்கான பணம். கட்டண வழக்கு முழுக்க இதைப் பற்றியதுதான்.

ஏன் அரசு இதில் தலையிட வேண்டும், விலை பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். மாற முடியாது. ஒரே தெருவில் மூன்று கம்பெனி மூன்று முறை பள்ளம் தோண்டி மூன்று குழாய் போட்டால் மூன்றின் செலவையும் அந்தத் தெருக்காரர்கள்தான் சுமக்க வேண்டும். அதனால் ஒரு பகுதிக்கு ஒரு கம்பெனிதான். போட்டி இல்லாத இடத்தில் விலையைக் கம்பெனியே வைக்க விட்டால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியும்; ஜனவரியில் ஃபர்னஸை அணைத்துவிட்டு யாரும் பேரம் பேச முடியாது.

இந்த வாதத்துக்கு வயது அதிகம், அதுவும் சிகாகோவிலேயே பிறந்த வாதம். அங்கே தானியக் கிடங்கு வைத்திருந்தவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வாடகை வாங்கினார்கள், இல்லினாய்ஸ் மாநிலம் உச்சவரம்பு வைத்தது, தனியார் சொத்தில் அரசுக்கு என்ன வேலை என்று அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1877-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனியார் சொத்தாக இருந்தாலும் பொதுமக்கள் எல்லாரும் அதை நம்பித்தான் இருக்க வேண்டும் என்றால் அரசு கட்டணத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று சொல்லிவிட்டது. பிறகு 1898-ல், எடிசனின் செயலாளராக இருந்து சிகாகோ மின்சாரக் கம்பெனியின் தலைவரான சாமுவேல் இன்சல், எங்களை மாநில அரசே ஒழுங்குபடுத்தட்டும், பதிலுக்கு ஒரு பகுதியை ஒரு கம்பெனிக்கே விட்டுவிடுங்கள் என்று தானாகவே கேட்டார். பின்னாளில் பீப்பிள்ஸ் கேஸும் அவர் கைக்கு வந்தது. 1907-ல் விஸ்கான்சினும் நியூயார்க்கும் இதற்கென்று ஆணையங்கள் அமைத்தன, மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அன்று எழுதப்பட்ட ஒப்பந்தம்தான் இன்றும்: உனக்குப் போட்டி கிடையாது, ஆனால் எல்லாருக்கும் நீ சேவை தர வேண்டும், விலையை நாங்கள் வைப்போம்.

நம்மூர்க்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. சமையல் சிலிண்டர் விலையை எண்ணெய் நிறுவனங்கள் அறிவித்துவிடும், அங்கே நமக்குப் பேச இடமில்லை. ஆனால் மின்கட்டணத்துக்கு இதே நடைமுறைதான். மின்வாரியம் மனு போடும், தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்கும், பிறகு உத்தரவு போடும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை என்று மூன்று ஊர்களில் கூட்டம் நடந்து, செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் வந்தது நினைவிருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். நானே ஒரு சின்ன ஊரைக் கற்பனை செய்துகொள்கிறேன், எண்கள் எல்லாம் கணக்கு எளிதாக வருவதற்காக வைத்தவை. அந்த ஊரில் 10,000 வீடு. கம்பெனி 5 கோடி டாலர் போட்டுக் குழாய் பதித்தது. அதில் 1 கோடி தேய்மானமாகக் கழிந்துவிட்டது, அதாவது அந்த அளவு பணத்தை ஏற்கெனவே மக்களிடம் வாங்கியாகிவிட்டது. மிச்சம் 4 கோடி. இந்த 4 கோடிக்கு 'ரேட் பேஸ்' என்று பெயர், கட்டணத்தின் அடித்தளம் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் பாதி கடன் வாங்கியது, 4 சதவீத வட்டி. மீதிப் பாதி பங்குதாரர்கள் போட்டது, அவர்களுக்கு 10 சதவீத வருமானம் என்று ஆணையம் அனுமதித்திருக்கிறது. இரண்டுக்கும் சராசரி 7 சதவீதம். 4 கோடிக்கு 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு 28 லட்சம். இதோடு சம்பளம், பழுது, பில் அடிப்பது, அலுவலகம் என்று 40 லட்சம். 5 கோடிக் குழாய் 50 வருடம் உழைக்கும் என்று வைத்தால் தேய்மானம் வருடத்துக்கு 10 லட்சம். வரி 12 லட்சம். ஆக மொத்தம் 90 லட்சம் டாலர். ஒரு வீட்டுக்கு வருடத்துக்கு 900, மாதத்துக்கு 75.

கவனித்தீர்களா, 40 லட்சம் சம்பளத்திலும் பழுதிலும் கம்பெனிக்கு ஒரு காசு லாபம் இல்லை. செலவு எவ்வளவோ அவ்வளவு வசூல். லாபம் அந்த 4 கோடியின் மேல் மட்டுமே.

இப்போது கம்பெனி 1 கோடி டாலர் செலவில் பழைய குழாயைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுசு போடுகிறது. அடித்தளம் 5 கோடி ஆகிறது. 7 சதவீதம் என்றால் 35 லட்சம். தேய்மானம் 12 லட்சம். லாபம் கூடினால் வரியும் கூடும், 14 லட்சம் என்று வைப்போம். சம்பளச் செலவு அதே 40. மொத்தம் 1 கோடியே 1 லட்சம். வீட்டுக்கு மாதம் 84 டாலருக்குக் கொஞ்சம் மேலே. ஊரில் ஒருவரும் ஒரு தெர்ம்கூட அதிகமாக எரிக்கவில்லை, சந்தையில் எரிவாயு விலை பாதியாகக்கூட இறங்கியிருக்கலாம், ஆனாலும் டெலிவரி ஏறிவிட்டது. என் தம்பி பில்லில் நடந்தது இதுதான்.

இதிலேயே ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. குழாயில் பணம் போட்டால்தான் லாபம் என்றால், கம்பெனிக்கு எப்போதும் இன்னும் கொஞ்சம் பணம் போடத்தான் தோன்றும். ஒட்டுப் போட்டாலே போதும் என்கிற இடத்தில் முழுக் குழாயையும் மாற்றலாம், பழைய கட்டடம் நன்றாக இருக்கும்போதே புதுக் கட்டடம் கட்டலாம். இதைச் செய்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பழைய குழாய் உண்மையிலேயே ஆபத்தானது, கசிந்தால் வீடே வெடிக்கும், அதை மாற்றுவதை வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் எது தேவை, எது தேவைக்கு மேலே என்று பிரித்துச் சொல்ல வெளியே ஒருவர் வேண்டும். அந்த ஒருவராகத்தான் ஆணையம் உட்கார்ந்திருக்கிறது.

இதற்குச் சிகாகோவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே பீப்பிள்ஸ் கேஸுக்குச் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்கள். நகரத்தின் அடியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்ட வார்ப்பிரும்புக் குழாய்கள்கூட இருந்தன. வார்ப்பிரும்பு கனமாக இருக்கும், ஆனால் வளையாது. மண் உறைந்து இளகி அசையும்போது விரிசல் விடும். அவற்றையெல்லாம் 20 வருடத்தில் மாற்றி 2030-க்குள் முடிப்பதாக 2011-ல் ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் சொன்ன செலவு 260 கோடி டாலர் அளவில் இருந்தது. நாலைந்து வருடத்திலேயே அது 800 கோடி என்று பேசப்பட்டது, முடியும் வருடமும் 2040 பக்கம் தள்ளிப் போனது. இதற்கிடையில் 2013-ல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன்படி கம்பெனி குழாய்ச் செலவை முழுக் கட்டண வழக்கு நடத்தாமலேயே, பில்லில் ஒரு தனிக் கூடுதல் கட்டணமாக வசூலித்துக்கொள்ளலாம். எட்டு ஒன்பது வருடம் அப்படித்தான் ஓடியது. அந்த வசதி 2023 கடைசியோடு முடிகிறது என்றதும், அந்த வருட ஜனவரியிலேயே கம்பெனி கட்டண வழக்கு போட்டது. கேட்ட தொகை வருடத்துக்கு 40.2 கோடி டாலர் உயர்வு.

வழக்கு எப்படி நடக்கும் என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம். இல்லினாய்ஸில் ஆணையத்தின் பெயர் இல்லினாய்ஸ் காமர்ஸ் கமிஷன். ஐந்து ஆணையர்கள், ஆளுநர் நியமிப்பார், மாநில செனட் ஒப்புதல் தரும், ஒரே கட்சிக்காரர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மனு வந்த நாளிலிருந்து சுமார் 11 மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்; சொல்லாவிட்டால் கம்பெனி கேட்ட கட்டணமே நடைமுறைக்கு வந்துவிடும். அதனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

மனு என்றால் ஒரு கடிதம் இல்லை, கட்டுக் கட்டாகக் காகிதம். அடுத்து வரும் ஒரு வருடத்துக்கு எங்களுக்கு இவ்வளவு செலவு, இவ்வளவு முதலீடு, அதனால் இவ்வளவு வசூல் வேண்டும் என்று வரிக்கு வரி காட்ட வேண்டும். அந்த மாதிரி வருடத்தைச் 'சோதனை வருடம்' என்பார்கள். சில மாநிலங்களில் முடிந்துபோன வருடத்தின் கணக்கைத்தான் காட்ட வேண்டும், இல்லினாய்ஸ் மாதிரி சில இடங்களில் வரப்போகிற வருடத்தைக் கணித்தும் காட்டலாம். கம்பெனியின் அதிகாரிகளும் அமர்த்திய நிபுணர்களும் கேள்வி பதில் வடிவத்தில் எழுத்துச் சாட்சியம் தருவார்கள்.

எதிர்ப்பக்கம் யார் என்பதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. ஆணையத்திலேயே வேலை பார்க்கும் கணக்கர்கள், பொறியாளர்கள், பொருளாதாரம் தெரிந்தவர்கள் ஒரு தனி அணியாக மனுவை அலசித் தங்கள் கருத்தைச் சொல்வார்கள். மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர், மக்கள் சார்பில் வருவார். சிட்டிசன்ஸ் யுட்டிலிட்டி போர்டு என்று ஒரு நுகர்வோர் அமைப்பு இருக்கிறது, 1983-ல் சட்டமன்றமே சட்டம் போட்டு உருவாக்கியது, அதன் வேலையே இந்த மாதிரி வழக்குகளில் வீட்டு வாடிக்கையாளர்களுக்காக வாதாடுவது. நகராட்சி வரும். அதிகமாக எரிவாயு எரிக்கும் தொழிற்சாலைகள் தங்களுக்கென்று வக்கீல் வைக்கும். சுற்றுச்சூழல் அமைப்புகள் வரும். இவர்கள் எல்லாரும் கம்பெனியிடம் எழுத்தில் கேள்வி கேட்கலாம், அது பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கட்டடம் ஏன் கட்டினீர்கள், எத்தனை பேரிடம் விலை கேட்டீர்கள், பழையது ஏன் ஆகவில்லை என்று துருவித் துருவிக் கேட்பார்கள். எல்லாச் சாட்சியமும் வந்த பிறகு குறுக்கு விசாரணை, பிறகு ஆணையத்துக்காக வழக்கை விசாரிக்கும் நிர்வாகச் சட்ட நீதிபதி ஒரு வரைவு உத்தரவு எழுதுவார், அதை ஆணையர்கள் ஏற்கலாம், மாற்றலாம். தன் செலவு நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனி தலையில்தான். நியாயமில்லை என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. இது மிக முக்கியமான விதி, ஆனால் யாரும் கையில் ஆவணத்தோடு எதிரே வந்து உட்காராவிட்டால் இந்த விதிக்குப் பெரிய பலன் இருக்காது.

2023 நவம்பர் 16-ம் தேதி முடிவு வந்தது. 40.2 கோடி கேட்டதற்குச் சுமார் 30 கோடி அனுமதி. பங்குதாரர் வருமானம் 9.9 சதவீதம் கேட்டிருந்தார்கள், 9.38 தான் கிடைத்தது. பணிமனைகள், கட்டடங்கள் கட்டவும் மேம்படுத்தவும் ஆன செலவில் 23.6 கோடி டாலரை ஆணையம் ஏற்கவே இல்லை. ஏற்கவில்லை என்றால் அது ரேட் பேஸில் சேராது, மக்களிடம் வசூலிக்க முடியாது, பங்குதாரர்கள்தான் அந்த நஷ்டத்தைத் தாங்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், அந்தக் குழாய் மாற்றும் திட்டத்துக்கே தற்காலிகமாகத் தடை போட்டு, எந்த வேகத்தில், எந்த முறையில் செய்வது சரி என்று முதலில் தனியாக விசாரிப்போம் என்று சொல்லிவிட்டது. அதே நாளில் புறநகர்ப் பகுதிகளுக்கு எரிவாயு தரும் நிக்கோர் கம்பெனியின் மனுவும் வெட்டுப்பட்டது.

இதைப் படித்துவிட்டு மக்கள் ஜெயித்தார்கள் என்று எழுதியவர்களையும் பார்த்தேன், மக்கள் தோற்றார்கள் என்று எழுதியவர்களையும் பார்த்தேன். கேட்டதில் கால்வாசி வெட்டப்பட்டது உண்மை. வெட்டிய பிறகும் நின்ற 30 கோடி அந்த மாநிலத்தின் எரிவாயு பில் வரலாற்றில் மிகப் பெரிய உயர்வுகளில் ஒன்று என்பதும் உண்மை. என்னைக் கேட்டால் எவ்வளவு வெட்டினார்கள் என்று பார்ப்பதைவிட எதை வெட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். இந்த மாதிரி வழக்குகளில் கேட்பது ஒரு தொகை, கிடைப்பது அதற்குக் குறைவு என்பது சாதாரணம், அது தெரிந்தேதான் கேட்கிறார்கள். ஆனால் கட்டடச் செலவை மொத்தமாகத் தள்ளியதும், ரேட் பேஸை வருடா வருடம் ஊதிக்கொண்டிருந்த திட்டத்தையே நிறுத்திக் கேள்வி கேட்டதும் அடுத்த பத்து இருபது வருடத்து பில்லைத் தொடும் விஷயங்கள்.

அந்தத் தனி விசாரணை 2025 பிப்ரவரியில் முடிந்தது. 36 அங்குலத்துக்குக் குறைந்த விட்டமுள்ள வார்ப்பிரும்பு, நீட்டிரும்பு (வார்ப்பிரும்பைவிடக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும் இரும்பு) குழாய்கள் எல்லாவற்றையும் 2035 ஜனவரி 1-க்குள் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. பழைய குழாய் போகத்தான் வேண்டும், ஆனால் ஆபத்தானது முதலில் போகட்டும், காலக்கெடுவோடு போகட்டும் என்பது இதன் சாரம். பாதுகாப்பையும் பில்லையும் ஒன்றுக்கு எதிராக ஒன்றை நிறுத்தாமல் இரண்டையும் ஒரே கையில் எடுத்த முயற்சி என்று எனக்குப் படுகிறது.

9.9 கேட்டு 9.38 கொடுத்தார்கள் என்றேனே, அரை சதவீதம் என்ன பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம் கற்பனை ஊருக்குத் திரும்புங்கள். 4 கோடியில் பங்குதாரர்களுடைய பணம் 2 கோடி. அதில் ஒரு சதவீதம் குறைத்தால் வருடத்துக்கு 2 லட்சம், வீட்டுக்கு 20 டாலர், வருமானம் குறைந்தால் அதன் மேல் கட்டும் வரியும் குறையும். பல நூறு கோடி டாலர் ரேட் பேஸ் உள்ள நகரத்தில் இந்த அரை சதவீதம் எவ்வளவு ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஆனால் இஷ்டத்துக்குக் குறைக்கவும் முடியாது. 1944-ல் ஹோப் எரிவாயுக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், அதே அளவு அபாயம் உள்ள மற்றத் தொழில்களில் பணம் போட்டால் கிடைக்கும் அளவுக்கு வருமானம் தர வேண்டும், கம்பெனி மேற்கொண்டு முதலீடு திரட்ட முடிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்த 'அதே அளவு' என்பது எவ்வளவு என்றுதான் இரண்டு பக்க நிபுணர்களும் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். போட்டியே இல்லாத, மக்கள் கட்டாயம் வாங்கியே தீர வேண்டிய ஒரு தொழிலில் அபாயம் குறைவு, அதனால் வருமானமும் குறைவாக இருக்கலாம் என்பது நுகர்வோர் பக்கத்து வாதம். எனக்கும் அதுவே சரியாகத் தோன்றுகிறது.

எவ்வளவு என்பது முடிவான பிறகு, யாரிடமிருந்து எப்படி வாங்குவது என்று இன்னொரு சண்டை உண்டு. மாதா மாதம் மாறாத நிலைக்கட்டணத்தில் அதிகம் வைத்தால் கம்பெனிக்கு நிம்மதி, குளிர் குறைந்த வருடத்திலும் வசூல் குறையாது. ஆனால் ஒற்றை அறையில் இருக்கும் வயதான அம்மாவும் ஐந்து படுக்கையறை வீட்டுக்காரரும் அந்தப் பகுதியில் ஒரே தொகை கட்டுவார்கள், சிக்கனமாக எரித்தாலும் பில் குறையாது. தெர்முக்கு இவ்வளவு என்று வைத்தால் சிக்கனத்துக்குப் பலன் இருக்கும். இதோடு வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தள்ளுபடிக் கட்டணம் தரவும் இல்லினாய்ஸில் அந்த 2023 உத்தரவுகள் வழி திறந்தன. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன், தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கல் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. மின்சாரத்தில் ஓடி வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் என்ற கருவியை வாங்கி எரிவாயுவை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் 10,000 வீட்டில் 2,000 வீடு இப்படி விலகினால் குழாய் அப்படியேதான் இருக்கும், 90 லட்சமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும், 8,000 வீடு பகிர வேண்டும். வருடத்துக்கு 900 கட்டியவர்கள் 1,125 கட்ட வேண்டும். அது ஏற ஏற இன்னும் சிலர் விலகுவார்கள். கடைசியில் நிற்பவர்கள் யார் என்றால், ஹீட் பம்ப் வாங்கப் பணம் இல்லாதவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள். இன்று 50 வருடக் கணக்கில் பதிக்கும் குழாயின் செலவை 2060-ல் யார் கட்டுவார்கள் என்ற கேள்வி இப்போது பல மாநிலக் கட்டண வழக்குகளில் வருகிறது, வர வேண்டிய கேள்விதான்.

சரி, பில் கட்டும் ஆள் என்ன செய்யலாம்? பில்லோடு ஒரு மெல்லிய தாள் வரும், கம்பெனி கட்டண உயர்வுக்கு மனு போட்டிருக்கிறது என்று பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் அது நேராகக் குப்பைக்குப் போகும். அதை எடுத்து வழக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆணையத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் மனு, சாட்சியம், எதிர்ச்சாட்சியம் எல்லாம் பொதுவில் இருக்கும். எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. வீட்டு வாடிக்கையாளருக்கு மாதம் எவ்வளவு ஏறும், கேட்கும் வருமானச் சதவீதம் என்ன, நிலைக்கட்டணம் எவ்வளவு, முதலீட்டில் பெரிய தொகை எதற்குப் போகிறது, இந்த நான்கை மட்டும் தேடுங்கள். அங்கேயே பொதுமக்கள் கருத்து எழுத இடம் இருக்கும், சில வழக்குகளில் நேரில் பேசக் கூட்டமும் நடக்கும். ஏற்றாதீர்கள் என்று மட்டும் எழுதினால் அவ்வளவாக எடுபடாது. என் வருமானம் இவ்வளவு, ஜனவரி பில் இவ்வளவு, போன வருடம் இவ்வளவு, டெலிவரி மட்டும் இவ்வளவு ஏறியிருக்கிறது, வெப்பத்தை இத்தனை டிகிரிக்குக் குறைத்து வைத்தும் இதுதான் நிலை என்று எழுதினால் படிப்பவர்கள் முன்னால் ஒரு வீடு வந்து நிற்கும்.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது அவனுக்கு ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது. அப்புறம் சமையலறை இழுப்பறையில் தேடி, பில்லோடு வந்த ஒரு நீலத் தாளைக் கண்டுபிடித்தான். அவன் கம்பெனி அடுத்த உயர்வுக்கும் மனு போட்டிருந்தது. நிலைக்கட்டணத்தை மாதம் நாலு டாலர் ஏற்றக் கேட்டிருந்தார்கள். அந்த வாரக் கடைசியில் அவனும் பக்கத்து வீட்டு அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து, இரண்டு வருடத்து ஜனவரி பில்லையும் இணைத்து, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்பினார்கள். அந்த வழக்கில் முடிவு வர இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.